நானூறு பைசா பூட்டு

சோஹார். காலை ஏழே முக்கால்.
துறைமுகச் சாலைக்குப் பின்னால்
உருக்காலைப் புகை வந்து இறங்கும் பக்கம்
மூன்று வரிசைக் கேபின்கள்.
நான் வரும் தேதி ஒன்பது நாள் முன்பே மின்னஞ்சலில் போயிருந்தது.
வாசலில் ப்ளீச்சிங் பவுடர் இன்னும் வெள்ளையாகக் கிடக்கிறது.
தண்ணீர் கூலருக்கு நேற்றுதான் வயது தொடங்கியிருக்கிறது.

எனக்குக் கூலி தருவது யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்:
இந்த ஆலைதான்.
ஆலைக்கு ஒரு ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே இன்னொருவர்,
அவருக்கு ஆள் அனுப்ப மஸ்கட்டில் ஒரு கம்பெனி,
அதற்குத் தூத்துக்குடியில் ஒரு மாடியறை, ஒரு மேசை, ஒரு ஃபேன்.
இத்தனை படி இறங்கி
அடியில் நிற்கிறவரிடம் நான் கேட்க வேண்டியவை
எண்பத்து நான்கு கேள்விகள்.

இருபத்தேழாவது: பாஸ்போர்ட் உங்களிடம் இருக்கிறதா?

இருக்கு சார், என்றார் தவசிக்கனி.
(அப்படி ஒரு பெயர் வைத்துக்கொள்வோம்.)
இருக்கு சார், என்றார் அடுத்தவர்.
பதினெட்டுப் பேருக்கும் ஒரே இருக்கு, ஒரே சார்,
இரண்டுக்கும் நடுவே ஒரே அளவு மூச்சு.

முப்பத்தொன்றாவது: இந்த வேலைக்குப் பணம் கட்டினீர்களா?
இல்ல சார்.
இந்த இல்லை மட்டும் ஆளுக்கு ஒரு குரலில் வந்தது.
அடகுக் கடையில் ஆளுக்கு ஒரு நகை.

லாக்கரைத் திறந்து காட்டுங்கள் என்றேன்.
சாவியை எந்தப் பக்கம் திருப்புவது என்று
தவசிக்கனியின் விரலுக்குத் தெரியவில்லை.
இடது. வலது. சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி இடது.
கேம்ப் பாஸ் எட்டி வந்து
ஒரே திருப்பில் திறந்தான்.

பூட்டின் முதுகில் விலைச்சீட்டு. நானூறு பைசா.
பதினெட்டுப் பூட்டு, பதினெட்டுச் சீட்டு.
பாஸ்போர்ட் அட்டையின் குறுக்கே
ரப்பர் பேண்டு அழுத்திய பள்ளம்.

தனியாகப் பேச வேண்டும், கதவைச் சாத்துங்கள் என்றேன்.
ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம்.
கூடவும் கூடாது குறையவும் கூடாது.
வெளியே ஒருவன் கடிகாரம் பார்த்துக்கொண்டிருக்கிறான்,
கூடுதலாக உள்ளே இருந்தவன்தான் சொன்னவன்
என்று கணக்குப் போடத் தெரிந்தவன்.
அதனால் சொல்ல ஒன்றுமில்லாதவரோடும் உட்கார்ந்தேன்.
ஒருவரோடு நண்டு வலை பற்றி.
ஒருவரோடு மகள் கணக்கில் எடுத்த எழுபத்தொன்று பற்றி.
ஒருவர் பன்னிரண்டு நிமிடமும் ஃபேனையே பார்த்தார்,
நானும் பார்த்தேன்.

எந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் என்று சொல்லமாட்டேன்:

எப்ப குடுத்தாங்க?
நேத்து ராத்திரி.
திரும்ப எப்ப வாங்குவாங்க?
நீங்க போனப்புறம்.

படிவத்தில் இந்தப் பதிலுக்குக் கட்டம் இல்லை.
வெளியே வந்து டிரைவரிடம் எஞ்சினை அணைக்கச் சொன்னேன்.

கேம்ப் பாஸ் டீ கொண்டுவந்தான்.
அப்புறம் மாம்பழ ஜூஸ்.
அப்புறம், பிரியாணி சொல்லவா சார்?
ஆலையின் கொள்முதல் அதிகாரியைப் போனில் பிடித்தேன்.
மாசக் கடைசி, கப்பல் நிக்குது,
சின்னக் குறைன்னு போட்டுடுங்களேன், என்றார்.
பூட்டு சின்னதுதான் என்றேன்.
சாவி பதினெட்டுப் பேர் கையில் நிற்கும்வரை
ஒப்பந்தக்காரரின் பில்லில் கையெழுத்து வேண்டாம்,
கட்டிய பணம் திரும்பும்வரை அடுத்ததிலும் வேண்டாம்.
யோசிக்கிறேன் என்றார்.
அந்தச் சொல் எவ்வளவு நேரம் நீளும் என்று எனக்குத் தெரியும்.

இருட்டியது.
இரவு முழுக்க நான் உட்கார முடியாது.
எனக்கும் தெரியும், டீ கொண்டுவந்தவனுக்கும் தெரியும்.

மூன்று வாரம் கழித்து
யாருக்கும் சொல்லாமல் ஒரு வெள்ளிக்கிழமை போனேன்.
பில் நின்றிருந்தது. பணம் இன்னும் திரும்பவில்லை.
குனிந்து சாவித்துளைகளைப் பார்த்தேன்.
பதினொரு பூட்டில் சுற்றிலும் கீறல்,
அரைத்தூக்கத்தில் எழுந்து
இருக்கிறதா என்று திறந்து பார்த்தவர்களின் கீறல்.
விலைச்சீட்டு வேர்வையில் நைந்து எண் அழிந்திருந்தது.

ஏழு பூட்டு மட்டும்
இன்னும் கடையில் தொங்குவதுபோல் பளபளத்தன.